எப்போது வாங்குவது, எவ்வளவு வாங்குவது: கொள்முதல் திட்டமும் மென்பொருளும்

அமெரிக்காவின் பெரிய சில்லறை நிறுவனங்களில் ஒன்றான டார்கெட், 2013 மார்ச்சில் கனடாவில் கடை திறந்தது. இரண்டு ஆண்டுகூட ஆகவில்லை. 2015 ஜனவரியில் 133 கடைகளையும் மூடப்போவதாக அறிவித்தது. சுமார் 17,600 பேருக்கு வேலை போயிற்று. அந்த இடைப்பட்ட காலத்தில் வாடிக்கையாளர்கள் கண்டது காலி அலமாரிகளை. அதே நாட்களில் கிடங்குகளிலோ வந்த சரக்கை இறக்க இடமில்லை.

காரணங்கள் பல இருந்தாலும், பின்னர் வெளிவந்த செய்திகள் ஒன்றைத் திரும்பத் திரும்பச் சொல்லின. புதிதாக நிறுவிய எஸ்.ஏ.பி. மென்பொருளில் பொருள் விவரங்கள் அவசர அவசரமாக ஏற்றப்பட்டிருந்தன. சென்டிமீட்டர் இருக்கவேண்டிய இடத்தில் அங்குலம். நீளம் இருக்கவேண்டிய கட்டத்தில் அகலம். அமெரிக்கக் கிளைகளில் 98, 99 சதவீதம் சரியாக இருந்த தகவல், கனடாவில் சுமார் 30 சதவீதமே சரியாக இருந்ததாகச் சொல்லப்பட்டது. இன்னொரு விஷயமும் தெரியவந்தது. சில பொருள்களுக்குத் தானாக ஆர்டர் போடும் வசதியை ஊழியர்கள் சிலரே அணைத்து வைத்திருந்தார்கள். அணைத்த பொருள் தீர்ந்துபோனாலும் பற்றாக்குறைப் பட்டியலில் அது ஏறாது. அறிக்கை அழகாக இருக்கும்.

மென்பொருள் தன் வேலையைத்தான் செய்தது. கொடுத்த எண்களைக் கூட்டிக் கழித்து விடை சொன்னது. அந்த எண்களுக்கு யார் பொறுப்பு என்பதைத்தான் யாரும் தீர்மானித்திருக்கவில்லை. இன்று மளிகை மொத்த வியாபாரி முதல் பம்ப்செட் தொழிற்சாலை வரை பலரும் கொள்முதல் திட்டத்தைக் கணினியில் அமைக்க முயல்கிறார்கள். அவர்கள் முன்னாலும் இதே கேள்விதான் நிற்கிறது.

கணக்கு பழையது. அமெரிக்காவின் வெஸ்டிங்ஹவுஸ் நிறுவனத்தில் பொறியாளராக இருந்த ஃபோர்டு ஹாரிஸ் 1913-இல் ஒரு தொழில் இதழில் சிறு கட்டுரை எழுதினார். அடிக்கடி கொஞ்சம் கொஞ்சமாக வாங்கினால் ஆர்டர் போடும் செலவு ஏறும்; மொத்தமாக வாங்கினால் வட்டியும் குடோன் வாடகையும் ஏறும். இரண்டும் சமமாகும் இடத்தில் மொத்தச் செலவு குறைவாக இருக்கும் என்று அவர் காட்டினார். ஆண்டுக்கு 3,600 பெட்டி விற்கும் பொருளை எடுத்துக்கொள்வோம். ஒரு ஆர்டருக்கு ஆகும் செலவு 500 ரூபாய். ஒரு பெட்டியை ஓராண்டு வைத்திருக்க ஆகும் செலவு 40 ரூபாய். ஹாரிஸின் சூத்திரம் தரும் விடை ஒரு தடவைக்கு 300 பெட்டி, அதாவது மாதம் ஓர் ஆர்டர். செலவு ஆண்டுக்கு 12,000 ரூபாய். அதையே 400 பெட்டியாக வாங்கினால் செலவு 12,500 ரூபாய்தான். அளவில் மூன்றில் ஒரு பங்கு பிசகினாலும் செலவு நான்கு சதவீதமே கூடுகிறது. ‘எவ்வளவு’ என்பதில் சற்றுத் தவறினாலும் தாங்கும். ‘எப்போது’ என்பதில் தவறினால் கடை காலியாகிவிடும்.

ஹாரிஸின் முறைக்கு ஒரு எல்லை உண்டு. ஒவ்வொரு பொருளும் தனித்தனியாக, சீராக விற்கும் என்று அது எடுத்துக்கொள்கிறது. தொழிற்சாலையில் அப்படி நடப்பதில்லை. நூறு பம்ப்செட்டுக்கு ஆர்டர் வந்தால் நூறு மோட்டார், நூறு இம்பெல்லர், அவற்றுக்கான போல்ட், வாஷர் எல்லாம் ஒரே சமயத்தில் வேண்டும். ஆர்டர் இல்லாத மாதத்தில் எதுவும் வேண்டாம். இறுதிப் பொருளின் தேவையைப் பாகங்களாகப் பிரித்து, கையில் உள்ளதைக் கழித்து, ஒவ்வொரு பாகமும் வந்துசேர ஆகும் நாட்களைப் பின்னோக்கி எண்ணி ஆர்டர் தேதி குறிக்கும் முறையை 1960-களில் வளர்த்தவர்களில் முதன்மையானவர் ஜோசப் ஆர்லிக்கி. எம்.ஆர்.பி. என்ற மூன்றெழுத்தில் அறியப்படும் அந்த முறையைப் பற்றி அவர் எழுதிய நூல் 1975-இல் வந்தது. இங்கே பாக்கெட்டில் அச்சாகும் விலைக்கும் இதற்கும் தொடர்பில்லை. ஆயிரக்கணக்கான பாகங்களுக்குக் கையால் இந்தக் கணக்கைப் போட முடியாது; கணினி வந்த பிறகே நடைமுறைக்கு வந்தது. 1972-இல் ஜெர்மனியில் ஐ.பி.எம்.மிலிருந்து வெளியேறிய ஐந்து பேர் தொடங்கிய எஸ்.ஏ.பி. உள்ளிட்ட பெரிய மென்பொருள்கள் எல்லாம் இந்தக் கணக்கைத் தமக்குள் வைத்திருக்கின்றன.

ஆக, இன்றைய மென்பொருள்களில் கொள்முதல் திட்டத்துக்கு நான்கு வழிகள் உண்டு. இருப்பு ஒரு மட்டத்துக்குக் கீழே இறங்கினால் வாங்குவது முதல் வழி. உற்பத்தித் திட்டத்திலிருந்து பாகங்களின் தேவையைப் பிரித்தெடுத்து வாங்குவது இரண்டாவது. விற்பனை முன்கணிப்பை வைத்து வாங்குவது மூன்றாவது. வாடிக்கையாளர் ஆர்டர் கொடுத்த பிறகே அவருக்கென்று வாங்குவது நான்காவது. எந்தக் கடைக்கும் ஒரே வழி போதாது. தினமும் போகும் பொருளுக்கு முதல் வழி, விலை உயர்ந்த, எப்போதாவது போகும் பொருளுக்கு நான்காவது என்று கலந்துதான் அமைக்க வேண்டியிருக்கிறது.

இந்தியச் சிறுதொழிலில் பரவலாகப் புழங்கும் டாலியில் முதல் வழி எளிமையாக இருக்கிறது. பொருளுக்கு மறு ஆர்டர் மட்டத்தையும் குறைந்தபட்ச ஆர்டர் அளவையும் பதிந்துவிட்டால், அதற்கான அறிக்கை கையிருப்பைக் காட்டும். வரவேண்டிய பர்ச்சேஸ் ஆர்டரைக் கூட்டும். கொடுக்கவேண்டிய விற்பனை ஆர்டரைக் கழிக்கும். மீதியை மட்டத்தோடு ஒப்பிட்டு, எவ்வளவு வாங்க வேண்டும் என்று சொல்லும். மட்டத்தை நிலையான எண்ணாக வைக்கலாம். கடந்த சில நாள் அல்லது சில மாதச் செலவிலிருந்து தானே கணக்கிடும்படியும் வைக்கலாம். சென்னையைச் சேர்ந்த ஜோஹோவின் இன்வென்டரி மென்பொருளில் பொருளுக்கு மறு ஆர்டர் புள்ளியோடு விருப்ப சப்ளையரையும் சேர்த்துக் குறிக்கலாம்.

மும்பையில் பிறந்த திறமூல மென்பொருளான ஈ.ஆர்.பி.நெக்ஸ்ட் ஒரு படி மேலே போகிறது. கிடங்கு வாரியாக மட்டம் வைக்கலாம். இருப்பு குறைந்தால் தினமும் ஒருமுறை தானே ஓடி, பொருள் கோரிக்கை ஒன்றை உருவாக்கும். அந்தக் கோரிக்கை கொள்முதலாகவும் இருக்கலாம், வேறு கிடங்கிலிருந்து மாற்றுவதாகவும் இருக்கலாம். பெல்ஜியத்தின் ஓடூ குறைந்தபட்சம், அதிகபட்சம் என்று இரண்டு எண்களைக் கேட்கிறது. எதிர்பார்க்கும் இருப்பு முதல் எண்ணுக்குக் கீழே போனால் இரண்டாவது எண் வரை நிரப்பச் சொல்லி, அந்த சப்ளையருக்கான விலைக் கோரிக்கையை வரைவாகத் தயாரிக்கும். எஸ்.ஏ.பி.யில் ஒவ்வொரு பொருளுக்கும் ஒவ்வொரு ஆலைக்கும் தனித்தனியாகத் திட்ட வகையைத் தேர்ந்தெடுக்கலாம். திட்டமே வேண்டாம் என்று ஒதுக்கவும் ஒரு குறியீடு உண்டு.

பெயரும் திரையும் மாறினாலும் எல்லாம் கேட்கும் கேள்விகள் ஒன்றுதான். கையில் எவ்வளவு? வழியில் எவ்வளவு? கொடுக்க ஒப்புக்கொண்டது எவ்வளவு? வந்துசேர எத்தனை நாள்? எவ்வளவுக்குக் குறைந்தால் சப்ளையர் தரமாட்டார்? இவற்றில் மென்பொருள் தானே கண்டுபிடிக்கக்கூடியது மிகக் குறைவு.

முதல் கேள்வியே சிக்கலானது. நிக்கோல் டிஹோரேஷியஸும் ஆனந்த் ராமனும் ஒரே அமெரிக்கச் சில்லறை நிறுவனத்தின் 37 கடைகளில் சுமார் 3,70,000 இருப்புப் பதிவுகளைச் சரிபார்த்து, 2008-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். 65 சதவீதப் பதிவுகள் அலமாரியில் இருந்த எண்ணிக்கையோடு ஒத்துப்போகவில்லை. திருட்டு மட்டும் இதற்குக் காரணம் ஆவதில்லை. இரண்டு வாசனை சோப்பில் ஒன்றையே இரண்டு தடவை ஸ்கேன் செய்வது, உடைந்ததை எழுதாமல் விடுவது, திரும்பி வந்ததை வேறு பெயரில் ஏற்றுவது எல்லாம் சேர்ந்துதான் எண் விலகுகிறது. கணினியில் பன்னிரண்டு, அலமாரியில் பூஜ்யம் என்றால் அந்தப் பொருளுக்கு ஆர்டர் ஒருநாளும் போகாது. விற்காததால் இருப்பு குறையாது. இருப்பு குறையாததால் ஆர்டர் எழாது. ஆண்டு முடிவில் ஒரே மூச்சாக ஸ்டாக் எடுப்பதைவிட, தினமும் சில பொருள்களை எண்ணும் சுழற்சி முறையைப் பல நிறுவனங்கள் கைக்கொண்டதற்கு இதுவே காரணம்.

அடுத்தது அளவு. மாத்திரை பெட்டியாக வருகிறது, அட்டையாகக் கைமாறுகிறது, சில கடைகளில் ஒற்றையாகவும் விற்கிறது. கயிறு கிலோவில் வாங்கி மீட்டரில் போகிறது. வாங்கும் அலகுக்கும் விற்கும் அலகுக்கும் இடையிலான மாற்று விகிதத்தை ஒரு தடவை தப்பாகப் பதிந்தால், பத்து அட்டை வேண்டிய இடத்தில் பத்துப் பெட்டி வந்து நிற்கும்.

மூன்றாவது, சரக்கு வந்துசேர ஆகும் நாட்கள். வியாபாரிகள் லீட் டைம் என்று சொல்லும் இந்த எண்ணைத்தான் பெரும்பாலான இடங்களில் யாரும் அளப்பதில்லை; சப்ளையர் வாயால் சொன்னது அப்படியே பதிவாகிறது. அதன் விளைவைக் கணக்கிலேயே பார்க்கலாம். ஒரு பொருள் நாளுக்குச் சராசரியாக 20 போகிறது. தினசரி ஏற்ற இறக்கத்தின் திட்ட விலக்கம் 6. சரக்கு வர ஒன்பது நாள். அந்த ஒன்பது நாளுக்குத் தேவை 180. நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து தடவை தீர்ந்துபோகாமல் இருக்கக் கூடுதலாக 30 வைத்தால் போதும். மறு ஆர்டர் மட்டம் 210. தொண்ணூற்றொன்பது தடவை வேண்டுமென்றால் அந்தக் கூடுதல் 42 ஆகும். இதில் சப்ளையரின் தாமதத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஒன்பது நாள் என்பது திட்ட விலக்கமாக இரண்டு நாள் முன்பின் ஆனால், 95 சதவீதத்துக்கே 30 போதாது, 72 வேண்டும். விற்பனை துளியும் மாறவில்லை. சப்ளையர் சொன்ன நாளில் வராததற்காக மட்டும் பாதுகாப்பு இருப்பு ஏறக்குறைய இரண்டரை மடங்காகிறது. அந்தப் பணம் குடோனில் முடங்குகிறது.

இதை அளக்க எந்தப் புதுக் கருவியும் வேண்டாம். பர்ச்சேஸ் ஆர்டர் தேதியும் சரக்கு வரவுப் பதிவின் தேதியும் ஏற்கெனவே மென்பொருளில் இருக்கின்றன. ஆனால் சரக்கு வந்த பிறகு பில்லைப் பார்த்து ஆர்டரையும் வரவையும் ஒரே நாளில் எழுதும் வழக்கம் உள்ள இடங்களில் இரண்டு தேதியும் ஒன்றாகிவிடும். அளக்க ஒன்றும் மிஞ்சாது. கொள்முதல் திட்டத்தை அமைக்கப் போகும் பல நிறுவனங்களுக்கு முதல் மாத வேலை, ஆர்டரை ஆர்டர் கொடுத்த அன்றே பதியும் பழக்கத்தைக் கொண்டுவருவதுதான்.

வந்த சரக்கு உடனே பயன்படுமா என்பது இன்னொரு கேள்வி. இதற்குத் தமிழ்நாட்டிலேயே நல்ல உதாரணம் இருக்கிறது. அரசு மருத்துவமனைகளுக்கு மருந்து வாங்க 1994-இல் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் அமைக்கப்பட்டு, 1995 ஜனவரியில் செயல்படத் தொடங்கியது. டெண்டரில் விலை ஒருமுறை முடிவாகும். சப்ளையர்கள் மாவட்டக் கிடங்குகளுக்கு நேராக அனுப்புவார்கள். வந்த மருந்து ஆய்வகச் சோதனை முடியும்வரை தனியே ஒதுக்கி வைக்கப்படும். தேறிய பிறகே மருத்துவமனைக்குப் போகும். ஒவ்வொரு மருத்துவமனைக்கும் ஒரு பாஸ்புக் உண்டு. அதில் குறித்த தொகைக்குள் தேவையானதை எடுத்துக்கொள்ளலாம். கிடங்குகளில் சுமார் மூன்று மாதத் தேவைக்கு இருப்பு வைப்பது நோக்கம். எந்தக் கிடங்கில் எந்த மருந்து எவ்வளவு என்பதைத் தலைமையகம் கணினியில் பார்த்துக்கொண்டே இருக்கும். ஓரிடத்தில் தேங்கியதைத் தட்டுப்பாடுள்ள இடத்துக்கு மாற்றும்.

இங்கே லீட் டைம் என்பது லாரி வரும் நாளோடு முடிவதில்லை. சோதனை நாட்களும் அதில் சேர்கின்றன. எஸ்.ஏ.பி.யில் சரக்கு வந்த பிறகான வேலைக்கு ஆகும் நாட்களைக் குறிக்கத் தனிக் கட்டம் இருப்பது இதற்காகத்தான். அதைக் காலியாக விட்டால், சோதனை முடியாத மருந்தைக் கையிருப்பு என்று எண்ணி மென்பொருள் ஏமாறும். கழகத்தின் முறை பின்னர் மற்ற மாநிலங்களுக்கும் முன்மாதிரியானது. 2011-இல் இலவச மருந்துத் திட்டம் தொடங்கிய ராஜஸ்தான், தன் மருத்துவக் கழகத்தின் இருப்பை மத்திய அரசு நிறுவனமான சி-டாக் உருவாக்கிய ஈ-ஔஷதி மென்பொருளில் நிர்வகித்தது.

மருத்துவமனைகள் இன்னொரு பாடத்தையும் தருகின்றன. எல்லாப் பொருளையும் ஒரே கண்ணால் பார்க்கக் கூடாது என்பதற்காக, ஆண்டுக் கொள்முதல் மதிப்பை வைத்து ஏ, பி, சி என்று பிரிக்கும் முறை 1950-களில் ஜெனரல் எலெக்ட்ரிக்கில் தொடங்கிப் பரவியது. பெரும்பகுதிப் பணம் மிகச் சில பொருள்களில் முடங்குவதால், அவற்றை மட்டும் உன்னிப்பாகக் கவனித்தால் போதும் என்பது அதன் அடிப்படை. ஆனால் பாம்புக்கடி மருந்தின் ஆண்டு மதிப்பு ஒரு சிறிய மருத்துவமனையில் குறைவாக இருக்கலாம். அது இல்லாமல் போவதை யாரும் பொறுக்க மாட்டார்கள். அதனால் உயிர்காப்பது, அவசியமானது, விரும்பத்தக்கது என்ற இரண்டாவது பிரிவினையையும் மருந்தியலாளர்கள் சேர்த்துப் பார்க்கிறார்கள். வியாபாரத்திலும் இதே நிலைதான். ஒரு ரூபாய் வாஷர் இல்லாமல் ஒரு லட்ச ரூபாய் இயந்திரம் அனுப்ப முடியாமல் நிற்கும்.

பிறகு முன்கணிப்பு. மென்பொருள் விற்பவர்கள் அதிகம் பேசுவது இதைப் பற்றித்தான். உலகெங்கும் இருந்து 5,500-க்கும் மேற்பட்ட அணிகள் கலந்துகொண்ட எம்-5 போட்டி 2020-இல் நடந்தது. வால்மார்ட் கடைகளின் தினசரி விற்பனையை முன்கூட்டிச் சொல்ல வேண்டும். முதலிடங்களை இயந்திரக் கற்றல் முறைகள் பிடித்தன. ஆனால் அடுக்குக்குறி மென்மையாக்கம் என்ற பல பத்தாண்டுப் பழைய முறையின் சிறந்த வடிவத்தை முந்தியவர்கள் சுமார் 7.5 சதவீத அணிகள் மட்டுமே. தினமும் போகும் சரக்குக்கு எளிய சராசரியே வெகுதூரம் கொண்டுசேர்க்கும் என்று இதற்குப் பொருள் கொள்ளலாம். மாதக்கணக்கில் விற்காமல் திடீரென ஒன்று போகும் உதிரிபாகத்துக்குச் சராசரி உதவாது; அதற்கென்று 1972-இல் ஜான் க்ராஸ்டன் தனி முறை வகுத்தார். தீபாவளிக்கு முந்தைய மாத ஜவுளி விற்பனையைத் தை மாதச் சராசரியில் சேர்த்தால் குடோன் நிரம்பிவிடும் என்பதை எந்தத் திருப்பூர் வியாபாரிக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. மென்பொருளுக்குத்தான் சொல்ல வேண்டும்.

கணிப்பு ஏமாற்றிய கதைகளும் உண்டு. நைக்கி நிறுவனம் 2000-ஆம் ஆண்டில் நிறுவிய தேவைக் கணிப்பு மென்பொருளின் குளறுபடியால் சில காலணிகள் மிதமிஞ்சியும் சில போதாமலும் தயாராயின; விற்பனை இழப்பு சுமார் 10 கோடி டாலர் என்று 2001-இல் அந்நிறுவனமே கூறியது. அதே 2001-இல் கணினி வலையமைப்புக் கருவிகள் விற்கும் சிஸ்கோ 225 கோடி டாலர் மதிப்புள்ள சரக்கை நஷ்டக் கணக்கில் எழுதியது. சந்தையில் தட்டுப்பாடு இருந்தபோது வாடிக்கையாளர்கள் ஒரே ஆர்டரைப் பல சப்ளையர்களிடம் கொடுத்து வைத்தார்கள். முதலில் யார் தருகிறாரோ அவரிடம் வாங்கிக்கொண்டு மற்றதை ரத்து செய்தார்கள். அந்த ஆர்டர்களை உண்மைத் தேவை என்று எண்ணியதால் சரக்கு குவிந்தது. விற்பனை ஆர்டரைக் கழித்துத் தேவை காட்டும் எந்த மென்பொருளும் இந்தப் பொய்யைத் தானே கண்டறியாது.

எப்போது மாறுவது என்பதையும் திட்டத்தில் சேர்க்க வேண்டும். சாக்லேட் நிறுவனமான ஹெர்ஷி 1999 கோடையில், ஹாலோவீன் பண்டிகைக்கான ஆர்டர்கள் வரத் தொடங்கும் பருவத்தில், பல மென்பொருள்களை ஒன்றாக இயக்கத்துக்குக் கொண்டுவந்தது. கிடங்கில் சரக்கு இருந்தும் சுமார் 10 கோடி டாலர் மதிப்புள்ள ஆர்டர்களை உரிய நேரத்தில் அனுப்ப முடியவில்லை. ஆடி, தீபாவளி, பொங்கல் என்று விற்பனை அடுத்தடுத்து வரும் ஊரில் இடைவெளி பார்த்து மாறுவதே ஒரு வேலை.

இந்தியச் சிறுதொழில்களுக்கு அண்மையில் சட்டமும் ஒரு கட்டத்தைச் சேர்த்திருக்கிறது. குறு, சிறு உற்பத்தியாளரிடம் வாங்கினால், எழுத்து ஒப்பந்தம் இல்லாவிட்டால் 15 நாளிலும், இருந்தால் அதிகபட்சம் 45 நாளிலும் பணம் தரவேண்டும் என்று 2006-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. வருமானவரிச் சட்டத்தில் 2024–25 மதிப்பீட்டு ஆண்டு முதல் 43பி(எச்) பிரிவாக நடைமுறைக்கு வந்த விதியின்படி, அந்தக் கெடுவைத் தாண்டினால் பணம் கொடுத்த ஆண்டில்தான் அதைச் செலவாகக் காட்டலாம். மார்ச்சில் மொத்தமாக வாங்கி மெல்லக் கொடுக்கலாம் என்ற பழைய கணக்கு இதனால் தடுமாறுகிறது. ஹாரிஸின் சூத்திரத்தில் சப்ளையர் கடனுக்கு இடமில்லை. மறு ஆர்டர் அறிக்கை சொல்லும் அளவைப் பணம் கட்டும் தேதிகளோடு வைத்துப் பார்க்கும் வேலை இன்னும் பெரும்பாலும் முதலாளி கையில்தான் இருக்கிறது.

இத்தனையும் சேர்த்துப் பார்த்தால், அனுபவமுள்ள அமைப்பாளர்கள் ஏன் படிப்படியாகப் போகிறார்கள் என்று புரியும். முதலில் இருநூறு, முந்நூறு பொருள்களோடு தொடங்குகிறார்கள். மென்பொருள் பரிந்துரை மட்டும் செய்யட்டும், ஆர்டர் போடுபவர் மனிதராக இருக்கட்டும் என்று சில மாதம் ஓட்டுகிறார்கள். பரிந்துரையை ஆள் மாற்றினால் காரணத்தை எழுதச் சொல்கிறார்கள். மாற்றம் அநேகமாக இல்லாத மலிவான, சீராகப் போகும் பொருள்களைத்தான் தானியங்கி ஆர்டருக்கு விடுகிறார்கள். விலையுயர்ந்தவற்றுக்குக் கடைசிவரை கையொப்பம் தேவைப்படுகிறது. ஒவ்வொரு எண்ணுக்கும் ஒரு பெயர் ஒட்டப்படுகிறது: இருப்புக்குக் கிடங்குப் பொறுப்பாளர், லீட் டைமுக்குக் கொள்முதல்காரர், பண்டிகைக் கணிப்புக்கு விற்பனைப் பிரிவு.

அந்தப் பெயர் நிறுவனத்துக்கு வெளியே போகும்போது கேள்வி சிக்கலாகிறது. வால்மார்ட் 1991-லேயே ரீடெய்ல் லிங்க் என்ற அமைப்பின் வழியாகத் தன் கடை விற்பனையை சப்ளையர்களுக்குக் காட்டத் தொடங்கியது. பொருளை எப்போது நிரப்புவது என்பதை சப்ளையரே பார்த்துக்கொள்ளும் முறையும் பரவியது. இந்தியாவில் பெரிய நுகர்பொருள் நிறுவனங்கள் மளிகைக் கடைக்காரர்களிடமிருந்து செயலி வழியாகவே ஆர்டர் வாங்குகின்றன. இந்துஸ்தான் யூனிலீவரின் ஷிகர் அப்படிப்பட்டது. கடைக்காரருக்கு இதில் வசதி உண்டு: விற்பனையாள் வரும்வரை காத்திருக்க வேண்டாம், பழைய ஆர்டர் கண்முன்னே இருக்கிறது. ஆனால் அலமாரியில் எவ்வளவு வைக்கலாம் என்ற எண்ணை நிரப்புபவர் விற்க நினைப்பவராக இருந்தால், தேங்கிய சரக்கின் வட்டியைக் கட்டப்போவது வாங்கியவர்தான். அதிகபட்ச இருப்பு என்ற அந்தக் கட்டத்தில் யார் எழுதலாம் என்பதைக் கடைக்காரர்களும் நிறுவனங்களும் இன்னும் பேசி முடிக்கவில்லை.